விழித்திருப்பது யாருக்காக?

கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் ஆனி, ஆடி மாதங்களிலும், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் மழை வலுக்கிறது. அந்நாட்களில் நீலகிரி மக்களின் செவிகளில் ஓர் அறிவுரை இடைவிடாது ஒலிக்கிறது: 'விழிப்புடன் இருங்கள்.' வானொலி சொல்கிறது. ஒலிபெருக்கி கட்டிய ஊர்தி சொல்கிறது. திருப்பலி முடிவில் பங்குத்தந்தையும் சொல்கிறார். கேட்ட நாம் தலையசைத்துவிட்டு வீட்டுக்குச் செல்கிறோம். ஆயினும் விழிப்புடன் இருப்பது என்றால் என்ன செய்வது? உறங்காமல் இருப்பதா? அஞ்சிக்கொண்டே இருப்பதா? ஒருவரையொருவர் வேவு பார்ப்பதா? இந்த எளிய சொல்லுக்குள் ஓர் ஆழமான அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. அதனைச் சற்று நின்று நோக்குவது நன்று.

சொற்களின் வரிசை

விழிப்பு, கவனம், எச்சரிக்கை, காவல், கண்காணிப்பு, ஜாக்கிரதை, உஷார் என்று நம் மொழியில் ஒரு வரிசைச் சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் 'ஜாக்கிரதை' வடமொழியிலிருந்து வந்தது. விழித்திருக்கும் நிலை என்பதே அதன் முதற்பொருள். 'உஷார்' பாரசீகத்திலிருந்து உருது வழியாக நம் தெருக்களுக்கு வந்தது. தன்னுணர்வோடு இருத்தலைக் குறிப்பது. அன்றாடப் பேச்சில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை எடுத்தாள்கிறோம். ஆயினும் இவை யாவும் ஒரே பொருளைத் தருவன அல்ல.

விழிப்பு கண்ணுக்குரியது. விழி என்னும் உறுப்பின் பெயரிலிருந்தே உறக்கம் நீங்கிய நிலைக்குப் பெயர் வைத்தது தமிழ். கவனம் மனத்துக்குரியது; கண் திறந்திருக்கையிலேயே மனம் வேறெங்கோ சுற்றுவது நாம் அனைவரும் அறிந்ததே. எச்சரிக்கை நாவுக்குரியது, கண்டதைப் பிறர்க்கு எடுத்துரைப்பது. காவல் கைக்குரியது, உரைத்ததோடு நில்லாமல், இடையே புகுந்து காப்பது. கண் கண்டு, மனம் உணர்ந்து, நா உரைத்து, கை காக்கும்போதுதான் விழிப்பு நிறைவு பெறுகிறது. நான்கில் ஒன்று தவறினாலும் மற்ற மூன்றும் பயனற்றுப் போகின்றன.

'பராக்கு' என்னும் சொல் இங்கே நினைக்கத்தக்கது. அரசன் அவைக்கு வரும்போது கட்டியங்காரன் 'பராக்' என்று கூவுவான். எல்லாரும் கவனிக்கவேண்டும் என்பது அதன் பொருள். அதே சொல்லைக் கவனமின்மைக்கும் வழங்குகிறோம். பாடவேளையில் சன்னலுக்கு வெளியே பார்க்கும் சிறுவனைப் பராக்குப் பார்க்கிறான் என்று கடிந்துகொள்கிறோம். கவனிக்கச் சொல்லும் சொல்லே கவனமின்மையின் பெயராகவும் நிற்பது, மனித இயல்பைக் காட்டும் கண்ணாடியாகத் தோன்றுகிறது. ஓயாது ஒலிக்கும் எச்சரிக்கை நாளடைவில் வெறும் ஓசையாகிவிடுகிறது. 

வள்ளுவர் இந்தப் பண்பை எதிர்மறையாகப் பெயரிட்டார். திருக்குறளின் 54-ஆம் அதிகாரம் 'பொச்சாவாமை.' பொச்சாப்பு என்பது மறதி, சோர்வு. அது வராமல் காப்பதே பொச்சாவாமை. அளவு கடந்த சினத்தைவிட, மகிழ்ச்சி மிகுதியால் வரும் சோர்வு தீயது என்று அவர் அந்த அதிகாரத்தைத் தொடங்குகிறார். இது நம்மை வியக்கவைக்கும் கூற்று. ஆபத்து வேளையில் எவரும் விழித்திருப்பர். ஆபத்து நீங்கி வெயில் வந்தபின் விழித்திருப்பதே அரிது. 

மறந்துபோகும் மலை

நீலகிரியின் அண்மைக்கால வரலாறு இந்தக் கூற்றுக்கு ஓர் உரை போல் அமைந்துள்ளது. 1978 நவம்பரில் பெருமழையும் நிலச்சரிவுகளும் மலையை உலுக்கின. 1993 நவம்பரில் குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மலைச்சரிவு இறங்கி உயிர்களைப் பறித்தது. 2009 நவம்பரில் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. மூன்றுமே நவம்பர் மாதத்தில் நிகழ்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். ஒரு தலைமுறை வளர்ந்து, பழைய துயரை நேரில் காணாதோர் வீடு கட்டத் தொடங்கும் காலம் அது.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேலான மழை கொட்டியது. அவலாஞ்சி என்னும் பெயரே ஒரு சரிவின் நினைவுதான். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே நேர்ந்த பெரிய மண்சரிவை ஒட்டி ஆங்கிலேயர் இட்ட பெயர் அது என்பர். ஊரின் பெயரே எச்சரிக்கையாக நிற்க, நாம் அதனைச் சுற்றுலா இடத்தின் பெயராக மட்டும் உச்சரித்து வருகிறோம்.

நம் எல்லைக்கு அப்பால், தேயிலைத் தோட்டங்களால் நம்மோடு உறவுடைய வயநாட்டில் நிகழ்ந்ததையும் மறக்கலாகாது. 2019 ஆகஸ்டு 8 அன்று மேப்பாடி அருகே புத்துமலையில் மலை சரிந்தது. ஐந்தாண்டுகள் கழிந்து, 2024 ஜூலை 30 அன்று விடியுமுன், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள முண்டக்கை, சூரல்மலை ஊர்களின்மீது மலையே இறங்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் தோட்டத் தொழிலாளர். உறங்கியவர் உறங்கியபடியே போயினர்.

மலை திடீரெனச் சரிவதாக நாம் பேசுகிறோம். உண்மையில் அது நெடுநேரம் பேசிவிட்டே சரிகிறது. பாறைமீது ஆழமாகப் படிந்த மண்ணுக்குள் மழைநீர் இறங்குகிறது. இயற்கை ஓடைகள் அடைபட்டிருந்தால் அந்நீர் வெளியேற வழியின்றி மண்துகள்களுக்கிடையே தேங்கி அழுத்துகிறது. துகள்கள் ஒன்றையொன்று பற்றும் பிடி தளர்கிறது. சரிவு செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தால் தாங்குவதற்கும் ஏதுமில்லை. அதற்குமுன் சில குறிகள் தோன்றும். தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், இறுகிப்போய் மூட மறுக்கும் கதவு, தெளிந்த ஊற்றில் திடீரெனக் கலங்கல், இதுவரை நீர் இல்லாத இடத்தில் புதிய கசிவு. இவற்றைக் காண நுண்கருவி தேவையில்லை. கண்ணும் கவனமும் போதும். வெயில் வந்ததும் அந்த வெடிப்பைச் சிமென்டு பூசி மறைத்து, மேலே சுண்ணாம்பும் அடித்துவிடுகிறோமே, அதுதான் வள்ளுவர் சொன்ன பொச்சாப்பு.

கண்டவர் சொல், கேட்பவர் செவி

கண்டால் மட்டும் போதுமா? எசேக்கியேல் இறைவாக்கினர் நூலின் 33-ஆம் அதிகாரத்தில் காவலாளி ஒருவர் பேசப்படுகிறார். வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாதவர்மீது மாண்டவரின் இரத்தப்பழி சேரும். ஊதியும் மக்கள் செவிகொடாவிடில் பழி அவர்களையே சேரும். பொறுப்பு இரண்டாகப் பகிரப்படுகிறது: கண்டவருக்குச் சொல்லும் கடமை, மற்றவர்க்குக் கேட்கும் கடமை.

இந்த இரண்டாம் கடமையில் உலகம் தவறியதற்குச் சான்று வேல்சு நாட்டின் அபர்ஃபான். அங்கே நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவைப் பள்ளிக்கு மேலேயுள்ள மலையில், நீரூற்றுகளின்மீதே குவித்து வந்தனர். ஆபத்தைச் சுட்டி 1963-லேயே உள்ளூர் நிருவாகத்தார் கடிதம் எழுதினர். 1966 அக்டோபர் 21 அன்று காலை அக்குவியல் சரிந்து பள்ளியை மூடியது. மாண்டோர் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியத்தையே பொறுப்பாக்கியது. அங்கே கண்டவர் இருந்தனர், சொன்னவரும் இருந்தனர். செவிதான் இல்லை.

நம் தோட்டங்களை எண்ணிப் பார்ப்போம். நாள்தோறும் ஒரே சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண், அம்மலையின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்தவர். நேற்று இல்லாத பிளவு இன்று இருப்பது முதலில் அவர் காலுக்கே தெரியும். ஆயினும் சொல்வதற்கான வரிசையில் அவர் கடைசியில் நிற்கிறார். மேஸ்திரியிடம் சொல்லவேண்டும், மேஸ்திரி எழுத்தரிடம், எழுத்தர் துரையிடம். ஒவ்வொரு படியிலும் அச்சொல் சற்றே மெலிந்து, 'பொம்பளை ஏதோ சொல்லுது' என்ற அளவில் நின்றுவிடக்கூடும். எளியோரின் சொல்லுக்குச் செவி கிடைக்காத இடத்தில், எத்தனை கண்கள் திறந்திருந்தாலும் அந்தச் சமூகம் உறங்குகிறது என்றே சொல்லவேண்டும்.

நம்பிக்கை தரும் அறிகுறிகளும் இல்லாமல் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியபோது, டார்ஜிலிங், கலிம்போங் ஆகியவற்றோடு நீலகிரியையும் முதல் மாவட்டங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. வயநாட்டில் ஊர்மக்களே மழைமானிகளை வைத்து அளந்து சொல்லும் ஏற்பாடு உண்டு. 2024 சரிவுக்குமுன் அந்த அளவுகளைக் கொண்டு எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. தோட்ட அலுவலகங்களில் காலைதோறும் மழையளவைக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் பழையது. குறிப்பேட்டில் உறங்கும் அந்த எண்ணை லயன் வீடுகளின் வாசல்வரை கொண்டுசெல்வது கடினமான செயலன்று.

கங்காணியும் ஆயரும்

இனி, வரிசையில் நாம் இதுவரை தொடாத சொல்லொன்று உண்டு: கண்காணிப்பு. தோட்டத் தமிழர் வரலாற்றில் இதைவிடக் கசப்பான சொல் அரிது. கண்ணால் காண்பவர் 'கண்காணி'. அதுவே மருவிக் 'கங்காணி' ஆயிற்று. ஆங்கிலத்திலும் அப்படியே புகுந்தது. இலங்கைத் தோட்டங்களில் ஆள் திரட்டியவரும், வேலை வாங்கியவரும், கடன் கொடுத்துக் கட்டிவைத்தவரும் அவரே. எத்தனை பேர் வேலைக்கு வந்தனர் என்ற கணக்கின்படி அவருக்குத் தனிப்பணம் கிடைத்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்று நீலகிரியில் குடியேறின. அச்சொல்லின் நினைவையும் அவர்கள் சுமந்து வந்தனர்.

வியப்பு யாதெனில், திருச்சபையின் தலைமைப் பணிக்குரிய கிரேக்கச் சொல்லும் இதே பொருளுடையது. 'எப்பிஸ்கோப்பொஸ்' என்றால் மேலிருந்து பார்ப்பவர். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு அதனைக் 'கண்காணி' என்றே பெயர்த்தது. கத்தோலிக்கராகிய நாம் இன்று 'ஆயர்' என்கிறோம். ஒரே வேர்ப்பொருள், இரு வேறு உலகங்கள். கங்காணியும் பார்க்கிறார், ஆயரும் பார்க்கிறார். கங்காணியும் எண்ணுகிறார், ஆயரும் எண்ணுகிறார். வேறுபாடு எங்கே?

மூன்று கேள்விகளால் அதனைக் காணலாம். முதலாவது, இந்தப் பார்வையின் பயன் யாருக்கு? கங்காணி எண்ணுவது தன் வரவுக்காக. ஆயர் தொண்ணூற்றொன்பதை எண்ணி நூறாவதைத் தேடிப்போவது, காணாமற்போன அந்த ஒன்றுக்காக. இரண்டாவது, பார்க்கப்படுபவர் பார்ப்பவரை அறிவாரா? மறைந்திருந்து பார்ப்பது வேவு. முகங்காட்டி நிற்பது காவல். மூன்றாவது, வரும் ஆபத்தில் பார்ப்பவருக்குப் பங்கு உண்டா?

மூன்றாம் கேள்விக்கு நம் மலைரயிலே விடை சொல்கிறது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரையும், 1908-இல் உதகைவரையும் ஓடத் தொடங்கிய இந்த ரயில், 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. குன்னூருக்கு ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. எனவே ஓட்டுநருக்கு முன்னேயுள்ள பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக் பணியாளர் நிற்கிறார். முதற்பெட்டியில் நிற்பவர் வளைவுக்கு வளைவு பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். பாறை விழுந்துகிடந்தால் முதலில் காண்பவர் அவர். மோதினால் முதலில் தாக்குண்பவரும் அவரே. பயணிகள் அருவியையும் யூக்கலிப்டஸ் மரங்களையும் கண்டு களிப்பது அவர் மழையில் நனைந்து நிற்பதால்தான். அதிகாரத்தின் கண்ணுக்கும் அன்பின் கண்ணுக்குமுள்ள வேறுபாடு இதுவே. முன்னது பத்திரமான இடத்திலிருந்து பார்க்கிறது. பின்னது ஆபத்தின் விளிம்பில் நின்று பார்க்கிறது.

இக்கேள்விகளை நம் இல்லங்களிலும் கேட்பது நல்லது. மகளின் கைப்பேசியைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது காவலா, வேவா? அண்டைவீட்டார் எப்போது போனார், யாருடன் வந்தார் என்று திரைச்சீலைக்குப் பின்னிருந்து கணக்கிடும் கண், அவர்கள் வீட்டுச் சுவரில் வெடிப்பு விட்டதைக் கண்டதுண்டா? தெருமுனையிலும் கடைவாசலிலும் இன்று கண்காணிப்புக் கேமராக்கள் பெருகிவிட்டன. அவை பார்க்கின்றன; காப்பதில்லை. விழுந்தவரைத் தூக்கிவிட அவற்றுக்குக் கையில்லை.

அச்சமும் உறக்கமும்

ஒருவர் இப்படிக் கேட்கலாம்: எந்நேரமும் விழித்திருந்தால் வாழ்வே அச்சமாகிவிடாதா? கேள்வி நியாயமானது. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தாயுடன் வீடு திரும்பிய மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை தாக்கிக் கொன்றது. அத்தகைய பாதையில் நாள்தோறும் நடக்கும் அன்னையரிடம் அஞ்சாதீர் என்று எவர் சொல்லமுடியும்?

அச்சம் இயல்பானது. ஆயினும் அச்சமும் விழிப்பும் ஒன்றல்ல. அச்சமுடையவர்க்கு அரண் இருந்தும் பயனில்லை. அதுபோலவே மறதியுடையவர்க்கு எந்த நன்மை இருந்தும் பயனில்லை என்று வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் இணைக்கிறார். மறதி ஒன்றையும் காண்பதில்லை. அச்சம் எங்கும் ஒன்றையே காண்கிறது. இரண்டுமே பார்வைக் குறைபாடுகள்தாம். விழிப்பு உள்ளதை உள்ளவாறு காண்கிறது. அதனால் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, ஓய்வு கொள்ளவும் அதற்குத் தெரிகிறது.

இங்கே நற்செய்தியின் பத்துத் தோழியர் உவமையை மீண்டும் கூர்ந்து வாசிக்கவேண்டும். விழிப்பாயிருங்கள் என்ற அறிவுரையோடு முடியும் அவ்வுவமையில் அறிவிலிகள் ஐவர் மட்டுமா உறங்கினர்? மணமகன் வரக் காலந்தாழ்ந்தபோது அறிவுள்ள ஐவரும் உறங்கினர் என்றே மத்தேயு எழுதுகிறார். அவர்களுக்கிடையே இருந்த வேறுபாடு உறக்கமன்று, எண்ணெய். உறங்குமுன் ஆயத்தம் செய்தவர்கள் உறங்கியும் விழிப்புடையோர் ஆயினர். ஆண்டவர் நகரைக் காவாவிடில் காவலர் விழித்திருப்பது வீண் என்று கூறும் 127-ஆம் திருப்பாடலும், அதே மூச்சில் உறக்கத்தை இறைவனின் கொடையாகப் போற்றுகிறது. 

மனிதர் உறங்கவேண்டியவர், எனவே விழிப்பு எந்தத் தனிமனிதருக்கும் முழுமையாக இயலாதது. அது பகிர்ந்துகொள்ளவேண்டிய அறம். நம் முன்னோர் இரவை யாமங்களாகப் பகுத்தது அதனால்தான். மழை பெய்த நள்ளிரவிலும் தளராது சுற்றிவரும் ஊர்க்காவலரை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. உரோமையரும் இரவை நான்கு காவல்வேளைகளாகப் பகுத்தனர். மாற்கு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் அந்நான்கும் பெயர் சொல்லப்படுகின்றன. ஒருவர் உறங்கும்படி மற்றவர் விழிக்கிறார். பின்னர் அவர் உறங்க இவர் விழிக்கிறார். கெத்சமனியில் இயேசு கேட்டதும் முழு இரவையன்று. ஒரு மணி நேரத்தையே. துயருற்ற நண்பருக்கு அருகே ஒரு மணி நேரம் கண் திறந்திருக்கும் துணையை அவர் நாடினார்.

யாருடைய தோளில்?

இவ்வாறு நோக்கும்போது, தொடக்கத்தில் கேட்ட அறிவுரை வேறொரு வெளிச்சத்தில் தெரிகிறது. 'விழிப்புடன் இருங்கள்' என்று யாரிடம் சொல்கிறோம்? பெரும்பாலும், வேறு நிலம் வாங்க வகையின்றிச் செங்குத்துச் சரிவில் வீடு கட்டியவரிடம். பழுதடைந்த லயனில் நான்கு தலைமுறையாக வாழ்பவரிடம். அவர்களுக்கு மேலே ஓடையை மண்ணிட்டு மூடி விடுதி கட்டியவர் மழைநாளில் சமவெளியில் நிம்மதியாக உறங்குகிறார். ஆபத்தை விளைவித்தவர் உறங்க, அதில் அகப்பட்டவரை மட்டும் விழித்திருக்கச் சொல்வது அறமாகாது. பகல் முழுதும் கொழுந்து பறித்த பெண்ணை இரவு முழுதும் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வது அறிவுரையன்று, கொடுமை. வலியோர் விழித்து எளியோரை உறங்கவிடுவதே காவல். எளியோர் விழித்து வலியோர் உறங்கினால் அது முறைகேடு.

எனவே நம் கடமை வெறும் சொல்லளவில் நிற்கக்கூடாது. அடுத்த மழைக்கு முன்னரே, வெயில் காயும் நாட்களிலேயே, ஒவ்வோர் அன்பியமும் சிலவற்றைச் செய்யமுடியும். சரிவில் தனித்து வாழும் முதியோர் யார், நடக்க இயலாதோர் யார் என்று பட்டியலிடலாம். இரவில் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் எங்கே செல்வது, பங்கு மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை முன்னரே முடிவு செய்யலாம். அடைபட்ட ஓடைகளைத் திறக்குமாறு ஊராட்சியிடம் ஒன்றுகூடி முறையிடலாம். பெருமழை இரவுகளில் இளைஞர் இருவர் இருவராக யாமம் பகிர்ந்து விழித்திருக்கலாம். கொழுந்து பறிக்கும் அன்னை சுட்டிக்காட்டும் வெடிப்பை அன்றே சென்று பார்க்கலாம். இவை அந்த ஐந்து தோழியரின் எண்ணெய் போன்றவை. நள்ளிரவில் கடைக்குப் போய் வாங்கமுடியாதவை.

நான் என்ன, என் சகோதரனுக்குக் காவலாளியா என்று காயின் கேட்டான். மனித வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்த அக்கேள்விக்கு விவிலியம் நேராக விடை கூறவில்லை. மண்ணிலிருந்து ஆபேலின் இரத்தம் கூவுவதை மட்டும் காட்டுகிறது. நம் மலைகளின் மண்ணும் அவ்வாறு கூவியிருக்கிறது, ஒருமுறையன்று, பலமுறை. அக்குரலைக் கேட்டு, நம் சகோதரருக்கு நாம் காவலரே என்று ஏற்றுக்கொள்வோர் மிகும் ஊரில், மழைநாளிலும் குழந்தைகள் அச்சமின்றி உறங்குவர்.